அமாவாசையில் எழும்பிய சுவர்

நான் பயிற்சி கொடுக்கும் ஆய்வாளர்களே, போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் ஒரு மாதத்துக்கு அவரை ஓட்டித் தீர்த்துவிடுவீர்கள். குரலில் அப்படியொரு உற்சாகம். மருங்காபுரி பக்கம் ஒரு சின்ன கட்டட ஒப்பந்தக்காரர், இரண்டு தொழிற்பழகுநர்களை வைத்திருக்கிறாராம். மானியம் கேட்டு அனுப்பிய வருகைப் பதிவேட்டில் எல்லா அமாவாசைக்கும் இரண்டு பேரும் வேலைக்கு வந்ததாகப் போட்டிருக்கிறதாம்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஒண்ணு மாட்டிக்கிச்சு சார். ரிப்போர்ட் எழுதிட்டேன். கையெழுத்துதான் பாக்கி" என்றார்.

ஒப்பந்தக்காரர் யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். கையெழுத்துப் போடாதீர்கள், இரண்டு நாள் பொறுங்கள், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது. அவருக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோருக்கும் அனுப்பக் காரணம், இந்தத் தப்பைக் கெட்டிக்காரர்கள்தான் செய்வார்கள். நீங்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள்.

இந்த வாரம் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. கட்டட வேலை செய்யும் நிறுவனம் தொழில் பழக ஆள் எடுத்தால், அந்தப் பிள்ளைகளுக்குத் தரும் மாத உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு திருப்பித் தருகிறது. பெரிய கம்பெனிக்கு இது டீ செலவு. நாலு பேரை வைத்து வீடு கட்டித் தரும் சின்ன ஆளுக்கு, பிள்ளைகளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்பதே இதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் உண்மையிலேயே வந்தார்களா, கற்றுக்கொண்டார்களா என்று பார்த்துச் சொல்வது நம் வேலை. மற்றதெல்லாம் கணினியில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

இனி என் பெருமைக்கு வருகிறேன். பிறகு அது எப்படிக் கப்பலேறியது என்றும் சொல்கிறேன்.

ரிங் ரோடு பக்கம் அடுக்குமாடி கட்டிய ஒரு பெரிய ஒப்பந்தக்காரர் பன்னிரண்டு பேருக்கு மானியம் கேட்டிருந்தார். பதிவேடு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. மேலதிகாரி பார்த்தார், கணக்குப் பிரிவு பார்த்தது, எல்லோரும் சரி என்றார்கள். எனக்கு மட்டும் எதுவோ உறுத்தியது. காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லா அமாவாசையிலும் பன்னிரண்டு பேரும் ஆஜர்.

நம் ஊரில் அமாவாசைக்குக் கொத்தனார் கரண்டி எடுக்கமாட்டார் என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். சம்பளத்தை இரட்டிப்பாகத் தருகிறேன் என்றாலும் வரமாட்டார். சித்தாளும் வரமாட்டார், ஆசாரியும் வரமாட்டார். நேரே அந்தக் கட்டடத்துக்குப் போய் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். அமாவாசைக்கு இங்கே வேலை நடக்குமா என்றால், "அன்னிக்கு நாய்கூட வராது சார்" என்றார். அப்புறம் நோண்டினால், பன்னிரண்டில் ஏழு பேர் ஊரிலேயே இல்லை. மானியம் நின்றது. எனக்கு ஆபீசில் 'அமாவாசை சார்' என்று பெயர் வந்தது. வெளியில் கோபித்துக்கொள்வதுபோல நடித்தேன். உள்ளுக்குள் எனக்கு அது பத்மஸ்ரீ மாதிரி.

அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருடம் முன்பு ஜமால் பாய் என்று ஒருவரின் கோப்பு என் மேசைக்கு வந்தது. பாலக்கரைக்காரர். சவுதியில் பதினெட்டு வருடம் கொத்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, இங்கே சின்ன அளவில் வீடுகள் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நாலு தொழிற்பழகுநர்கள். நாலில் ஒன்று பெண். கொத்து வேலை பழகப் பெண் பெயர் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பதிவேட்டைத் திறந்தேன். கை தன்னால் காலண்டருக்குப் போனது. எல்லா அமாவாசைக்கும் நாலு பேரும் வருகை. எனக்கு வாயெல்லாம் பல்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் அவர் ஒரு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய் இறங்கினேன். வாசலிலேயே மண் அப்பிய செங்கல் ஒரு குவியல் கிடந்தது, அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சாரத்தின் மேல் மூன்று கொத்தனார்கள். நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவன் செங்கல் எடுத்துக் கொடுத்தான், இரண்டு பேர் பூச்சுக்கு மணல் சலித்தார்கள். அந்தப் பெண் சாந்துச் சட்டி தூக்கிக்கொண்டிருந்தாள். தொழில் பழக வந்தவளைச் சித்தாளாக வைத்திருக்கிறார் என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பாயைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். அமாவாசைக்கு யார் வேலைக்கு வந்தார்கள்?

"நாலு புள்ளைங்களும் வந்தாங்க சார்."

"எந்தக் கொத்தனார் வந்தார்?"

"கொத்தனார் யாரும் வரமாட்டாங்க சார். நான்தான் இருந்தேன்."

சரி, அன்றைக்குக் கட்டிய சுவரைக் காட்டுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "சுவர் இல்ல சார். சாயங்காலமே இடிச்சிட்டோம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சாதாரணச் சிரிப்பு இல்லை, நாலு பேர் பார்க்கச் சிரிக்கிற சிரிப்பு. வராத ஆள், இல்லாத கொத்தனார், கட்டி இடித்த சுவர், எனக்கே காது குத்துகிறீர்களா பாய் என்று கேட்டேன். இது பொய்க் கணக்கு, மானியமும் கிடையாது, பிள்ளைகளின் ஒப்பந்தமும் ரத்தாகும் என்று அங்கேயே தீர்ப்பும் சொன்னேன். பாய் தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண்தான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பெயர் தேன்மொழி. மருங்காபுரிப் பக்கத்து ஊர். திருவானைக்காவலில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வருகிறாள். அவளுடைய அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே சித்தாள். சட்டி தூக்கித் தூக்கிக் கழுத்தெலும்பு தேய்ந்து இப்போது வீட்டில் இருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒப்பந்தம் ரத்தானால் அடுத்த மாதப் பரீட்சைக்குத் தன் பெயர் போகுமா, போகாதா? போகாது என்றேன். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பெண்ணைக் கொத்தனார் என்று எவனும் வேலைக்குக் கூப்பிடமாட்டான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அமாவாசைக்கு நாங்க வந்தோம் சார்" என்றாள். "நீங்கதான் வரல."

அதிகப்பிரசங்கி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும்போதும் திட்டினேன். ஆபீஸ் வந்து, கோபம் ஆறுவதற்குள் ரிப்போர்ட்டை எழுதி முடித்தேன். மூன்று பக்கம். 'இல்லாத சுவரைக் கட்டியதாகக் கூறுகிறார்' என்று ஒரு வரி. அதை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சூப்பிரண்டு ஓர் அம்மா. அதிகம் பேசமாட்டார். கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தால் போதும், போடாத ஃபுல் ஸ்டாப்பை நாமே போய்ப் போட்டுவிட்டு வருவோம். அவரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்து, நடந்ததை நாடகம் மாதிரி நடித்தும் காட்டினேன். பாய் துண்டால் முகம் துடைத்தது, அந்தப் பெண் திமிராகப் பேசியது எல்லாம். அவர் சிரிக்கவில்லை. மூன்று பக்கத்தையும் படித்தார்.

"எல்லாம் இருக்கு. அந்தப் பொண்ணு சொன்னதுக்குப் பதில் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

என்ன பதில் என்றேன்.

"நீங்கதான் வரலன்னு சொல்லிருக்கா. சர்வீஸ்ல என்னிக்காவது அமாவாசை அன்னிக்கு சைட்டுக்குப் போயிருக்கீங்களா?"

போனதில்லை. ஒரு தடவைகூட. எப்படிப் போவேன்? அமாவாசை என்றால் நானும் காலையில் பெர்மிஷன். அம்மா மண்டபம் படித்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம், வீட்டில் காக்கைக்குச் சோறு வைத்தபிறகு சாப்பாடு, அப்புறம் சாவகாசமாக ஆபீஸ். கொத்தனார் வராத அதே நாளில் ஆய்வாளரும் வரமாட்டார். வாட்ச்மேன் சொன்னதைக் கேட்டு ஒரு தடவை ஜெயித்தவன், மறுதடவை யாரையும் கேட்கக்கூட இல்லை. காலண்டர் சொன்னது போதும் என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மா கோப்பை என் பக்கம் தள்ளினார். அனுப்பு என்றும் சொல்லவில்லை, அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. அடுத்த அமாவாசை ஒன்பது நாளில். ஆடி அமாவாசை. பரீட்சைக்குப் பெயர் அனுப்பக் கடைசி நாள் அதற்கு நாலு நாள் கழித்து. ஆனால் எல்லா ஆய்வறிக்கையும் அந்த வாரக் கடைசிக்குள் சென்னைக்குப் போக வேண்டும் என்று மேலதிகாரி ஒற்றைக் காலில் நின்றார்.

அவர் அறைக்குப் போய், இந்த ஒரு கோப்பை மட்டும் நிறுத்தி வைக்கிறேன், அமாவாசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். உள்ளே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். "அமாவாசை சாருக்கே அமாவாசையில சந்தேகமா?" என்றார் அதிகாரி. அறையே சிரித்தது. தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களைப் பார்த்து ஆபீஸ் சிரித்தால் அது சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு முடிந்துவிடும். ஒரு பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்து போனால் அவ்வளவு சீக்கிரம் முடியாது.

ஆடி அமாவாசை அன்று அம்மா மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். காவிரியில் தண்ணீர் படி தொட்டு ஓடியது. தர்ப்பணம் முடித்து, ஈர வேட்டியை மாற்றி, வீட்டுக்குப் போகாமல் ஓர் ஆட்டோவைப் பிடித்து மேலூர் ரோட்டுக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு ஓர் அற்ப ஆசை இருந்தது. கேட் பூட்டியிருக்க வேண்டும். பூட்டியிருந்தால் என் மூன்று பக்கமும் சரி, என் பட்டப்பெயரும் பத்திரம். இப்படி நினைத்துக்கொண்டு போனேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேட் திறந்திருந்தது. சாரத்தில் ஆள் இல்லை. கலவை மிஷின் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. பின்பக்கத்தில் பேச்சுக் குரல் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் நாலு பிள்ளைகளும் ஆளுக்கொரு மூலை கட்டிக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் இல்லை, வெறும் மண் குழைத்த சாந்து. மூலை என்பது கட்டட வேலையில் சும்மா இல்லை. இரண்டு சுவர் சேரும் மூலையைத் தூக்குப் பிசகாமல், நேர் செங்குத்தாக எழுப்பத் தெரிந்தவர்தான் கொத்தனார். நடுவில் செங்கல் வைப்பதை யாரும் வைத்துவிடலாம். பாய் தூக்குக்குண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பிடித்துப் பார்த்தார். தேன்மொழியின் மூலையில் குண்டு ஒரு விரல்கடை விலகி நின்றது. பாய் கூடாது என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இடுப்புயரம் வந்த சுவரை ஒவ்வொரு கல்லாகப் பிரித்து, மண்ணைச் சுரண்டி அடுக்கினாள்.

வாசலில் நான் தாண்டிப் போன மண் அப்பிய செங்கல் குவியல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொத்தனார்கள் எடுத்தது போக, இடித்த சுவரின் மிச்சம் அன்றைக்கு என் காலடியில்தான் கிடந்திருக்கிறது.

பாய் என்னைப் பார்த்துவிட்டார். என் விரலில் ஒட்டியிருந்த எள்ளையும் பார்த்தார். "படித்துறையிலேர்ந்து நேரா வர்றீங்களா சார்? முதல்ல நிழல்ல உக்காருங்க" என்றார். அவர் அதட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஏன் அமாவாசையில் என்று கேட்டேன். அவர் விளக்கியதில் சுற்றி வளைத்தல் எதுவும் இல்லை. மற்ற நாளில் கொத்தனார்கள் வேலை வேகத்தில் இருப்பார்கள். பிள்ளைகள் பார்க்கலாம், எடுத்துக் கொடுக்கலாம், நடுவில் நாலு கல் வைக்கலாம். பெண் பிள்ளை கரண்டியைத் தொட்டால் ஒருத்தருக்கு முகம் சுளிக்கும். அதோடு, வீட்டுக்காரர் காசு போட்டுக் கட்டும் சுவரில் மூலையைக் கற்றுக்கொள்ள யார் விடுவார்கள்? கரண்டி, மட்டப்பலகை, இடம் எல்லாம் சும்மா இருப்பது அமாவாசையில்தான். அவருக்கு அமாவாசை இல்லை, வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைதான். பதிவேட்டில் வெள்ளிக்கிழமை தோறும் அரை நாள் போட்டிருந்ததும் அதனால்தான். பொய்ப் பதிவேடு எழுதுகிறவன் அரை நாளை எதற்கு விடப் போகிறான்? மாதம் நாலு தடவை அந்த அரை நாள் என் கண்ணெதிரே இருந்தது. நான் அமாவாசையை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கே தப்பாகப் பேசினேனோ அங்கேதான் திருத்த வேண்டும் என்று தோன்றியது. நாலு பேரையும் கூப்பிட்டேன். நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பாய் பதறிப்போய், விடுங்கள் சார் என்றார். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். தேன்மொழி மட்டும் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மூலையை மறுபடி எழுப்ப வேண்டிய அவசரம்.

"சும்மாதான சார் நிக்கிறீங்க. அந்த நூலைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். தர்ப்பணம் செய்த கையால், கல் வரி நேராகப் போகப் பிடிக்கும் அந்த நூலை ஒரு மணி நேரம் பிடித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கை கொஞ்சம் ஆடினால், "ஆடாதீங்க சார்" என்று அதட்டல் வேறு. ஒவ்வொரு வரி ஏறும்போதும் அவள் தூக்குக்குண்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டாள். நெஞ்சுயரம் வந்தபோது பாய் வந்து குண்டை விட்டார். அது சுவரை ஒட்டி அசையாமல் நின்றது. பாய் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. "ம்" என்றார். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எனக்கு, சொன்னால் நம்பமாட்டீர்கள், என் பெண் முதல் ரேங்க் வாங்கிய நாள் போல இருந்தது.

கோப்பில் வைக்க அந்தச் சுவரைப் போட்டோ எடுத்தேன். சாயங்காலம் வரை அதை அப்படியே விடக் கூடாதா என்று ஆசையாகக் கேட்டேன். "நாளைக்குக் கொத்தனாருக்குக் கல்லு வேணும் சார்" என்று சொல்லிவிட்டு அவளே இடிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போகும்போது மணி இரண்டு. காக்கைக்குச் சோறு வைக்கவும் ஆளில்லாமல் என் மனைவி பசியோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே கிடைத்த வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

மூன்று பக்கத்தைக் கிழித்துவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். சூப்பிரண்டு அம்மா படித்து, கண்ணாடிக்கு மேலால் பார்த்து, ஒரு ஃபுல் ஸ்டாப் வைத்து அன்றைக்கே அனுப்பினார். மானியம் வந்தது. நாலு பெயரும் பரீட்சைக்குப் போயின. நாலு பேரும் தேறினார்கள். தேன்மொழி பாயிடமே இரண்டு வருடம் கொத்தனாராக இருந்தாள். பிறகு ஊர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குமேல் எனக்குத் தகவல் இல்லை, போன வாரம் நீங்கள் போனில் ஒப்பந்தக்காரர் பெயரைச் சொல்லும் வரை.

இனி அவள் என்று எழுதக் கூடாது. ஒப்பந்தக்காரர். இரண்டு பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குகிறவர்.

போன் செய்தவருக்குச் சொல்கிறேன்: என் பேச்சை நம்பி நீங்கள் மானியத்துக்குச் சிபாரிசு எழுத வேண்டாம். எனக்கு வேண்டியவர் என்று ஆகிவிட்டதால் இந்தக் கோப்பில் என் வார்த்தைக்கு மதிப்பில்லை. ஆறு வருடத்தில் ஆள் மாறலாம், பதிவேடு பொய்யாகவும் இருக்கலாம். எழுதி வைத்த ரிப்போர்ட்டைக் கிழிக்கவும் வேண்டாம், கையெழுத்துப் போடவும் வேண்டாம். வருகிற அமாவாசைக்கு மருங்காபுரிக்கு முதல் பஸ்ஸில் போங்கள். தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள், எழுதிக் கொடுங்கள். ஆபீஸ் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேட் பூட்டியிருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், நான் நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். திறந்திருந்தால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அந்த அம்மா யாரையும் சும்மா நிற்க விடமாட்டார், நூலைப் பிடிக்கச் சொல்வார். தொப்பி ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். கை மட்டும் ஆடக் கூடாது.